டேப்பில் மூன்று முறை என் பெயர்

சிட்கா
அலாஸ்கா, 12 நவம்பர் 1974

இக்னாட்டி என்கிற மீன்தலைக்கு,

உறையைப் பிரித்ததும் கேசட் விழும். பாட்டு என்று நினைத்து இடுப்பை ஆட்டாதே. முதலில் கதவைச் சாத்து. பிறகு படி.

ஆகஸ்டு கடைசிச் சனிக்கிழமை, அப்பாவும் கவ்ரீல் பெரியப்பாவும் நீராவிக் குடிலுக்குள் போனபோது, உடை மாற்றும் இடத்தில் சுவரோரமாக ஒரு டேப் ரெக்கார்டரை மறைத்து வைத்தேன். ஆமாம், குளிக்கிற ஆண்களின் பேச்சைத் திருடினேன். தெரிந்தால் அப்பா அதன்பிறகு என் முகத்தில் விழிக்கமாட்டார். ஆனால் அவர்கள் இருவரும் மேற்குத் தீவுப் பேச்சைப் பேசுவது அங்கே மட்டும்தான். வெளியே வந்தால் வாயைத் துடைத்துக்கொண்டு இங்கிலீஷ். உங்கள் கிழவர்கள் பேசும், செத்துப்போன என் அம்மாவும் பேசிய அலியூட் மொழி வேறு, இது வேறு. உன் தாத்தாவே, "அவனுங்க பேச்சு பாதி புகை, பாதி நீராவி, எனக்கு ஒண்ணும் புரியல" என்பார். போர்க்கால ஜப்பான் முகாமிலிருந்து உயிரோடு திரும்பி, சொந்தத் தீவுக்குப் போக விடாமல் உங்கள் ஊரில் இறக்கிவிடப்பட்டவர்களில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர். பெரியப்பா செத்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது ஒருவர்.

விஷயம் இதுதான். கேசட்டின் முதல் பக்கத்தில் என் பெயர் மூன்று முறை வருகிறது. பெரியப்பாதான் சொல்கிறார். முதல் முறை சாதாரணமாக. இரண்டாவது முறை சொன்னதும் இருவரும் சிரிக்கிறார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம், அப்புறம் வெகுநேரம் யாரும் பேசவில்லை. நூறு தடவை கேட்டுவிட்டேன். மொத்தத்தில் எனக்குப் புரிவது 'வாசிலிசா' ஒன்றுதான்.

சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டபோது அப்பா, "கத்துக்கிட்டு யார்கூடப் பேசப்போற?" என்றார். நானும் அத்தோடு விட்டேன். என்னைப் பற்றி அந்த மொழியில் என்ன சொன்னார்கள் என்று மட்டுமாவது தெரிய வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

நீ பக்குவமாக அவரிடம் போட்டுக் காட்டிக் கேட்டுச் சொல். நீதான் பதிவு செய்ததாகச் சொல்லிவிடு. உன்னைப் பற்றி என்ன சொன்னாலும் ஊர் நம்பும். உன்னிடம் இருப்பது பிரதி. அசல் என்னிடம் இருக்கிறது, அதனால் உட்கார்ந்து நசுக்கினாலும் கவலையில்லை.

வாசிலிசா


சரானா விரிகுடா
10 டிசம்பர் 1974

சிட்காவின் சிடுமூஞ்சிச் சீமாட்டிக்கு,

இழுவைப் படகு மூன்று வாரம் அடாக் தீவிலேயே காற்றுக்குப் பயந்து படுத்திருந்ததால் உன் கட்டளை தாமதமாக வந்து சேர்ந்தது. மகாராணி மன்னிக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். விடுதியின் வெப்பக் குழாய்க்குள் சால்மன் தலையைத் திணித்தது நான்கு கைகள். பள்ளியை விட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டது இரண்டு கைகள். மற்ற இரண்டும் இப்போது எனக்குக் கடிதம் எழுதுகின்றன. கணக்கில் நான் எப்போதும் மக்கு. நீ படிக்கிறவள், விளக்கிச் சொல்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை, சொல்கிறேன். காலையில் வலை தைக்கிறேன். மாலையில் தைத்ததைப் பிரிக்கிறேன், ஏனென்றால் தப்பாகத் தைத்திருக்கிறேன். அம்மா என்னை 'பட்டணம் போய்ப் பட்டினி கிடந்து வந்தவன்' என்கிறாள். பள்ளிக்கூடம் என்னை விரட்டியது என்று நான் சொல்வதில்லை, நாங்கள் இருவரும் பேசிப் பிரிந்தோம் என்கிறேன்.

கேசட்டைக் கேட்டேன். தேவாலயத்தில் வேதம் படிக்கும் வாசகரிடம், பாட்டு பழகப்போகிறேன் என்று சொல்லி டேப் ரெக்கார்டரை வாங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. கவ்ரீல் மாமா குரல் நெருப்பில் கொழுப்பு உருகுவதுபோல இருக்கிறது. உன் அப்பா பங்கு பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுவதுதான். நடுவில் ஓரிடத்தில் மாமா மட்டும் தனியாகப் பேசுகிறார், ஏதோ கேட்கிறார், நிறுத்துகிறார், மறுபடி கேட்கிறார். அந்த இடம் எனக்குப் பிடித்தது. அதை வைத்து ஒரு வேலை செய்யலாம்.

என்ன வேலை என்று கேட்காதே. ஜனவரிக் கிறிஸ்துமஸ் வருகிறது, முகமூடி தயார்.

இக்னாட்டி


சிட்கா
2 ஜனவரி 1975

இக்னாட்டி,

முகமூடி என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. நான் நினைப்பதை நீ நினைத்திருந்தால் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது, வாசகர் எழுதிக்கொடுத்தது. சனிக்கிழமைகளில் இரண்டு பேருக்கு வேண்டிய அளவு கல்லைச் சூடுபண்ணிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறாராம். அதை அவர் புகாராகச் சொல்லவில்லை. விறகு வீணாகிறது என்று சொல்கிறார்.

டேப்பை அவரிடம் காட்டாதே. கோடையில் நானே வருகிறேன். திட்டினாலும் சரி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே போட்டுக் கேட்கிறேன். இது வேண்டுகோள், கட்டளை இல்லை.

வாசிலிசா


சரானா விரிகுடா
21 ஜனவரி 1975

வாசிலிசா,

உன் வேண்டுகோள் இன்று காலைப் படகில் வந்தது. வேலை போன செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. வேண்டுகோளுக்கும் காற்றைப் பார்த்துத்தான் கிளம்பத் தெரிகிறது.

நடந்ததைக் கேள். முகமூடி ஆட்டத்தின் சட்டத்தை நீ மறந்திருப்பாய்: முகமூடி போட்டவன் வாய் திறக்கக் கூடாது, வீட்டுக்காரர் அவன் பெயரைச் சரியாகச் சொன்னால் தலையாட்டி முகமூடியைக் கழற்ற வேண்டும், தப்பாகச் சொன்னால் ஆடிவிட்டுப் போகலாம். என் வேஷம் அப்பாவின் பழைய மழைக்கோட்டு, முதுகுக்குத் தலையணை, முகத்துக்கு மாவுச்சாக்கு. கோட்டுக்குள் தேவாலயத்தின் டேப் ரெக்கார்டர். அது அதுவரை கேட்டதெல்லாம் சங்கீதம்.

சாயங்காலம் ஆறு மணி. உன் வீட்டில் என் தாத்தாவும் வாசகரின் மனைவியும் மீன் பணியாரம் தின்றுகொண்டிருந்தார்கள். நான் நொண்டிக்கொண்டே நுழைந்தேன். "இந்தா, கழுதை வந்துட்டு" என்றார் தாத்தா. வாசகரின் மனைவி, "எந்தக் கழுதைன்னு தெரியலையே, இந்த ஊர்ல தொழுவமே இருக்கு" என்றாள். உன் அப்பா சிரித்தார். நல்ல மனநிலையில்தான் இருந்தார், தெரிந்துகொள்.

பித்தானை அழுத்தினேன்.

கவ்ரீல் மாமா பேசத் தொடங்கினார். சாக்குக்குள்ளிருந்து வருவதுபோல, சாக்குக்குள்ளேதானே நானும் இருந்தேன். அவர் கேட்டார், நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் உன் அப்பா பதில் சொன்னார், வாசிலிசா. யோசிக்கவே இல்லை. உப்பு கொடு என்றால் கொடுப்பதுபோல. டேப் மறுபடி கேட்டது. அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை நீளமாக. தாத்தா பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டார். உன் அப்பா எழுந்து வந்து, என் எதிரே நின்று, "கவ்ரீல்" என்றார்.

பெயர் சொல்லியாயிற்று அல்லவா. முகமூடியைக் கழற்றினேன். கிழவர் என்னைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தேநீர் கொடுத்தார். டேப்பை முழுதாகப் போடச் சொன்னார். உன் பெயர் வருகிற இடங்களைக் கேட்டேன். சொன்னார். மூன்றையும் சொன்னார்.

ஆக, இப்போது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இந்த உணர்ச்சி எனக்குப் புதிது, கொஞ்ச நாள் வைத்திருக்க ஆசை. உனக்கு வேண்டுமென்றால் வழி சுலபம். விடுதி வார்டனிடம் போ. மீன்தலைக்கு நான்கு கைகள் என்று சொல். உனக்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவும் தண்டனை கிடைக்கும், எனக்குப் பள்ளிக்கூடம் திரும்பக் கிடைக்கும். பள்ளி என்னைத் திரும்பக் கூப்பிடும் கடிதம் என் கைக்கு வந்த படகிலேயே உன் மூன்று வாக்கியமும் திரும்பி வரும்.

பத்தொன்பதாம் தேதி புனித நீரில் முகமும் கழுவியாயிற்று. முகமூடிப் பாவமெல்லாம் கடலோடு போயிற்று.

இக்னாட்டி


சிட்கா
9 பிப்ரவரி 1975

செத்துப்போன என் பெரியப்பாவைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு போனவனுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அப்பா பதில் சொன்ன இடத்துக்கு வந்ததும் எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பதிலாவது பதிவாகியிருக்குமா என்று ஒரு கணம் நினைத்தேன். என்னைப் பற்றியே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நான்கு கை, இரண்டு கை என்று நீ எண்ணியது போதும். நான் வார்டனிடம் ஏற்கெனவே போயிருக்கிறேன், இக்னாட்டி. போன வருஷம். யார் செய்தது என்று அவர் விசாரித்துக்கொண்டிருந்தபோது நானாகப் போய் உன் பெயரைச் சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நீ இருந்தால் நான் படிக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நீ என் பக்கத்தில் இருந்தவரை நானும் கோமாளிதான். நீ போன மறுவாரம் நான் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன்.

எனவே புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உனக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காது. நீ வலை தைத்துப் பிரித்துக்கொண்டே கிழவனாவாய்.

இப்போது சொல். அப்பா என்ன சொன்னார்? நான் அவருக்கே எழுதிக் கேட்பேன், ஆனால் வாசகர்தான் சத்தமாகப் படிப்பார். குளியல் பேச்சைத் திருடினேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். உன்னிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. அது உனக்கும் தெரியும்.

தயவுசெய்து.

வாசிலிசா


சரானா விரிகுடா
1 மார்ச் 1975

அன்புள்ள வாசிலிசாவுக்கு,

தயவுசெய்து என்று கேட்டுவிட்டாய், பிறகு என்ன. உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

முதல் முறை உன் பெயர் வருகிற இடத்தில் கவ்ரீல் மாமா சொல்வது: "வாசிலிசா அவ அம்மா பக்கம்தான். நம்ம ஆளு இல்ல."

இரண்டாவது, சிரிக்கிறார்களே, அது: "வாசிலிசா ஒளிஞ்சு நின்னு நம்ம பேச்சைச் சொல்லிப் பாக்குறா. கடல்சிங்கக் குட்டி வாந்தி எடுக்கற மாதிரி இருக்கு."

மூன்றாவது: "வாசிலிசாவுக்கு இது வேணாம். நம்மளோட முடியட்டும்." அதற்குத்தான் உன் அப்பா பதில் சொல்லவில்லை. தண்ணீரை ஊற்றினார். சம்மதம் என்று அர்த்தமாம்.

இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் சங்கடம். "அவகிட்ட சொல்லாதடா" என்றார். நான் காட்டிக்கொடுக்கிற ஜாதி இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நீயே நல்ல வழி காட்டியிருக்கிறாயே.

வகுப்பில் இரண்டாவது. முதலாவதாக வந்தவனை யாரிடம் சொல்லி விரட்டப்போகிறாய்?

இக்னாட்டி


சிட்கா
20 மார்ச் 1975

இக்னாட்டி,

கிடைத்தது.

ஒளிந்து நின்று சொல்லிப்பார்ப்பேன் என்பது உண்மை. எட்டு வயதில். வீட்டுக்குப் பின்னால், மீன் காயப்போடும் கொட்டகையில். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கோடையில் வரமாட்டேன், எனக்கு எழுத வேண்டாம், நான் அம்மா பக்கம் என்று. காரணம் சொல்லவில்லை. அவருக்குப் புரியும்.

இனி உனக்கும் எழுதமாட்டேன்.

வாசிலிசா


சரானா விரிகுடா
18 ஏப்ரல் 1975

வாசிலிசா,

ரேடியோவில் பள்ளிக்குச் சொல்லியிருப்பார்கள். உன் அப்பா போய்விட்டார், பதினொன்றாம் தேதி, அடாக்கில், கடற்படை ஆஸ்பத்திரியில். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். நேற்று இங்கே கொண்டுவந்தார்கள், கவ்ரீல் மாமா பக்கத்தில் புதைத்தோம். நானும் குழி தோண்டினேன். நிலம் இன்னும் இறுகித்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் விளையாட்டு இல்லை. எப்படி எழுதினால் நீ நம்புவாய் என்று தெரியவில்லை, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் முகமூடியைக் கழற்றவில்லை. அவர் "கவ்ரீல்" என்றதும், சிரிப்புக்காக, ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டினால் முகத்தைக் காட்ட வேண்டும். அவர் காத்துக்கொண்டு நின்றார். கையை நீட்டினார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டேன். தேநீரும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை. புனித நீருக்கும் நான் போகவில்லை.

மறுநாளிலிருந்து உன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. காற்று, பனி, எல்லாம் உள்ளே. அடுப்புவரை பனி. தாத்தா போய்ச் சாத்துவார், உன் அப்பா எழுந்து திறப்பார். "அண்ணன் முகத்தைக் காட்டாம போயிட்டான்னு கிழவன் காத்துக் கிடக்கான், புத்தி பிசகிட்டு" என்றது ஊர். நான் கடற்கரை வழியாகச் சுற்றிப் போனேன்.

நீ வார்டனிடம் சொன்னதை எழுதிய கடிதம் வந்த அன்று, என் கேசட்டை அடுப்பில் போட்டேன். பிறகு எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அந்த மூன்று வாக்கியத்தையும் எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சிரிக்கிற வாக்கியம்தான் முதலில் வந்தது. நீ கொட்டகையில் ஒளிந்து சொல்லிப்பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்திருக்கிறேன். வேலிக்குப் பின்னால் நின்று. எனக்கும் எட்டு வயது.

மார்ச் கடைசியில் உன் அப்பா படுத்துவிட்டார். அம்மா சூப் கொடுத்தனுப்பினாள். நான் போய் நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"வந்துட்டியா? அன்னிக்கே தெரியும்டா. பூட்ஸ் உன்னோடது."

"அப்புறம் ஏன் மாமா கதவைத் திறந்து வச்சீங்க?"

"நீ திரும்ப வருவேன்னுதான். அந்த மெஷினை எடுத்துக்கிட்டு. எங்க அது?"

நான் சூப்பைக் கீழே வைத்தேன்.

"அவன் என்னமோ கேட்டான், நான் பாதிதான் பதில் சொன்னேன். கொண்டாடா."

"எரிச்சிட்டேன் மாமா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். உன்னிடம் அசல் இருக்கிறது என்று சொன்னேன், நீதான் பதிவு செய்தாய் என்றும் சொல்லிவிட்டேன். "அவளா?" என்றார். அவ்வளவுதான், கோபம் இல்லை. உன் பெயர் மூன்று முறை வருகிறதே, என்ன அது என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். "எத்தனையோ சனிக்கிழமை, எத்தனையோ பேச்சு. கேட்டாத்தானேடா சொல்ல முடியும்?" என்றார். "அவ கோடைக்கு வருவால்ல. கொண்டுவரட்டும், உக்காந்து ஒண்ணொண்ணா சொல்றேன்."

அடுத்த நாள் படகு வந்தது. உன் கடிதத்தை வாசகர் அவர் படுக்கை அருகே உட்கார்ந்து படித்தார். வரமாட்டேன், எழுத வேண்டாம், அம்மா பக்கம், எல்லாவற்றையும். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். உள்ளே போய், அது என்னால் வந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கடிதத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுத்து அழகா இருக்கு" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் விமானம் வந்து அவரை எடுத்துப்போயிற்று.

அந்த மூன்று வாக்கியமும் பொய். ஒவ்வொரு எழுத்தும் நான் செய்தது. இதை மட்டும் நம்பு.

இக்னாட்டி


சிட்கா
6 மே 1975

இக்னாட்டி,

ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை என்று மார்ச்சில் எழுதினாய். ஒவ்வொரு எழுத்தும் பொய் என்று ஏப்ரலில் எழுதுகிறாய். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கையெழுத்து, ஒரே மை. எந்த இடத்திலும் உன் கை நடுங்கவில்லை.

இருந்தாலும் நம்புகிறேன். நம்பி என்ன பயன் என்றுதான் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்தார், அலியூட் படித்தவர். டேப்பை இரண்டு நாள் கேட்டார். 'தண்ணீர்' என்பது புரிகிறது, 'அண்ணன்' புரிகிறது, 'நாளைக்கு' மாதிரி ஒன்று புரிகிறது, மற்றது நான் அறியாத பேச்சு என்றார். இதைப் பேசுகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். போன மாதம்வரை இருந்தார் என்றேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கிளம்பினால் தேவலை என்று இருந்தது.

அவர் போன பிறகு நான் தனியாகப் போட்டுக் கேட்டேன். முன்பெல்லாம் அந்த இடம் வரும்போது என் பெயர் மட்டும் கேட்கும், மற்றது வெறும் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் என்ன வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். நேற்று அப்படி இல்லை. முதல் முறை பெயர் வந்ததும், நம்ம ஆளு இல்ல என்றார் பெரியப்பா. இரண்டாவது முறை கடல்சிங்கக் குட்டி. இருவரும் சிரித்தார்கள். மூன்றாவது முறை, நம்மளோட முடியட்டும். அப்பா தண்ணீர் ஊற்றினார்.

நிறுத்திவிட்டு, இது பொய் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மறுபடி போட்டேன். அதேதான் சொன்னார்.

அவர்கள் பேச்சில் இப்போது எனக்கு மூன்று வாக்கியம் தெரியும். மூன்றும் நீ சொல்லிக்கொடுத்தவை. பெரியப்பாவின் குரலுக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

வாசிலிசா